பழவேற்காட்டில் முனியம்மாள் போட்ட சிப்பி

தை மாதம் பத்தாம் தேதி, கோழி கூவும் முன்பே சென்னப்பட்டணத்திலிருந்து கிளம்பிவிட்டேன். பழவேற்காடு நாலு காதத்துக்குச் சற்றுக் குறைவு. எண்ணூர் வரை நடை, பிறகு உப்பு வண்டி. கூலி இரண்டு காசு. படகுக்காரர் மகன் நான், எங்கள் வீட்டில் எழுத்தாணி பிடித்த முதல் ஆள். அந்த எழுத்தாணியை நம்பி ஓர் ஊர் கூப்பிட்டனுப்பியது இதுவே முதல் தடவை. வழியெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

விஷயம் இதுதான். ஏரியைக் குத்தகை எடுத்த ஒருவன் வலைக்கு வலை வரி கேட்க, போன ஐப்பசியில் குப்பங்கள் திரண்டு அவனை விரட்டிவிட்டன. தென்குப்பத்தில் சிலர் மட்டும் அவன் பக்கம் நின்றார்கள். கைகலப்பில் வடகுப்பத்துச் சின்னையன் இறந்தான். அதன்பின் இரண்டு குப்பத்து ஆண்களும் பேசுவதில்லை. ஏரியில் வலை கட்டுவதுமில்லை. பெண்களோ கோட்டை மதிலோரச் சந்தையில் பழையபடி அருகருகே உட்கார்ந்து கடல்மீன் விற்றார்கள். சமாதானப் பேச்சு அங்கேதான் தொடங்கியது. இரு பக்கமும் உறவில்லாத எழுத்துக்காரன் வேண்டும் என்று சொல்லியனுப்பியவர்களும் அவர்களே.

பொழுது சாயும்போது ஏரி தெரிந்தது. கரையெங்கும் பூநாரைகள், கோட்டைமேல் ஒல்லாந்தர் கொடி. துறையில் குப்பத்துப் படகுக்காரர் ஒருவர் ஒரு காசு வாங்கிக்கொண்டு, ஓலை நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பெண்கள் பேசியதோடு முடித்திருக்கலாமே என்றேன்.

"ஆம்பளைங்களும் பேசணுமே தம்பி. எங்களுக்குத் தொண்ட கட்டி மூணு மாசமாச்சு."

பதினொன்றாம் தேதி காலை, மணல்மேட்டில் இரு குப்பத்தாரும் கூடினார்கள். ஏரியில் வலை கட்டும் முறைக்கு இங்கே பாடு என்று பெயர். வீட்டு அடையாளம் கீறிய சிப்பிகளைப் பானையில் போட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று முடிவுசெய்கிறார்கள். சிப்பி விழாத வீட்டுக்கு ஏரியில் இடமில்லை. சின்னையன் மனைவி முனியம்மாளுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். பெண்ணுக்குப் பாடு கிடையாது என்று அவளுடைய சொந்தக் குப்பத்துத் தலைவரே சொல்லிவிட்டார்.

தென்குப்பத்து மங்கம்மாள் எழுந்தாள். குத்தகைக்காரனோடு நின்றவர்களில் அவள் புருஷனும் ஒருவன்.

"பாடு படறது நாங்க, பாடு மட்டும் உங்களுதா? முனிம்மா சிப்பி விழலன்னா எங்க குப்பத்து சிப்பி ஒண்ணும் விழாது."

சிப்பியை வைத்திருப்பது வீட்டுப் பெண்களே. மங்கம்மாள் தன் சிப்பியை முந்தானையில் முடிந்துகொண்டாள். தென்குப்பத்துப் பெண்கள் முடிந்தார்கள். வடகுப்பத்துப் பெண்களும் முடிந்தார்கள். குலுக்க ஒரு சிப்பியும் இல்லாத பானையை ஆண்கள் மாறி மாறி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வடகுப்பத்துத் தலைவர் என்னைப் பார்த்து, எழுது என்றார். முனியம்மாளின் தம்பி வலை கட்டுவான், பாடு அவளுடையது என்று முடிவாயிற்று.

சந்தோஷத்தோடு எழுதி, வாசித்தேன்: 'காலஞ்சென்ற சின்னையன் பாடு ஒன்று.' முனியம்மாள் என்னைப் பார்த்தாள்.

"செத்தவரு வந்து வலை கட்டுவாரா தம்பி? என் பேர எழுது."

மரியாதை என்று நினைத்துத்தான் அப்படி எழுதியிருந்தேன். புது ஓலை எடுத்து அவள் பெயரை எழுதினேன். அவள் சிப்பி பானையில் விழுந்தது, பின்னாலேயே மற்றப் பெண்களுடையவையும் விழுந்தன. குலுக்கியதில் அவளுக்கு அடுத்த இடம் மங்கம்மாள் வீட்டுக்கு.

"இன்னாடி, ஏரியிலயும் பக்கத்துலயே வந்து குந்திக்கினியா?" என்றாள் முனியம்மாள். மணல்மேடே சிரித்தது.

பன்னிரண்டாம் தேதி திரும்புகையில், இரண்டு வலைகளின் கம்புகளும் அடுத்தடுத்து நிற்பதைப் படகிலிருந்து பார்த்தேன். எங்கள் பேட்டைக் கூட்டத்தில் பெண்கள் ஓரமாகத்தான் நிற்பார்கள். அங்கே இனி ஓலை எழுதப்போகிறவன் நான். எழுத்தாணியை எடுக்குமுன் அவரவர் பெயரைக் கேட்டுக்கொள்வேன்.