மல்லாட்டை மூட்டைக்கு அண்ணி போட்ட விலை

மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலை மூட்டைக்கு எவ்வளவு அச்சாரம் கொடுப்பது நியாயம் என்று அண்ணி என்னைக் கேட்டது, பாசஞ்சர் ரயிலைப் பேரணி ஸ்டேஷனில் சிக்னலுக்காக நிறுத்திவைத்திருந்த ஒரு மாலையில். விழுப்புரத்தில் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இருவரும் திண்டிவனத்துக்கு வேலைக்குப் போய்வந்தோம். அண்ணி எம்.எஸ்சி. படித்தவர், அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு ஓர் ஆஸ்பத்திரியில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். விடிவதற்குள் வீட்டுக்கே சமைத்து, பகலெல்லாம் வகுப்பில் கத்திவிட்டு வருகிற மனுஷி, வேறு யாராக இருந்தாலும் ஜன்னலில் சாய்ந்து தூங்கியிருப்பார். அண்ணியோ ஒரு பழைய வினாத்தாளின் வெற்றுப் பக்கத்தில் புள்ளி வைத்து, அதிலிருந்து மேலே ஒரு கோடும் கீழே ஒரு கோடும் இழுத்து என் மடியில் போட்டார். எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

சென்னையில் ஒரு கம்பெனி, பங்குச் சந்தையில் ஆப்ஷன் என்று விற்கிற ஒப்பந்தங்களுக்கு விலை கணக்கிட எம்.எஸ்சி. கணக்குப் படித்தவர்களை எடுக்கிறது என்று அவருடைய தோழி சொல்லியிருந்தாள். தேர்வு எழுத வேண்டும். பள்ளிக்கூடத்தில் தேய்ந்துபோயிருந்த அண்ணிக்கு இதைவிட்டு வெளியே போய்விடலாம் என்ற ஆசை அப்போதுதான் முதல்தடவையாக வந்தது. ரயிலில் சிக்னல் கிடைக்கிற இடங்களில் போனில் பாடம் பார்ப்பார், கிடைக்காத இடங்களில் என்னிடம் ஒப்பிப்பார். எனக்குப் புரிந்தால் அவருக்குப் புரிந்துவிட்டது என்று அர்த்தமாம். ஆப்ஷன் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. மல்லாட்டை வியாபாரியான என் அண்ணன் செய்வதுதான். அறுவடைக்கு முன்னால் இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறேன் என்று விவசாயிக்கு அச்சாரம் கொடுப்பார். விலை ஏறினால் போய் எடுத்துக்கொள்வார். இறங்கினால் அச்சாரம் போனால் போகட்டும் என்று விட்டுவிடுவார். வாங்க உரிமை உண்டு, கட்டாயம் இல்லை. இந்த இடத்தை விளக்கும்போது அண்ணி சிரித்துவிட்டார். தனக்கு எல்லாமே கட்டாயம்தான், உரிமை என்று எதையும் யாரும் எழுதித் தரவில்லை என்றார்.

இன்றைக்கு மூட்டை ஏழாயிரம். அடுத்த மாதம் எட்டாயிரம் ஆகும், இல்லாவிட்டால் ஆறாயிரம். அப்போதும் ஏழாயிரத்துக்கே வாங்கிக்கொள்ளும் உரிமைக்கு, விலையில் கழித்துக்கொள்ளாத அச்சாரம் எவ்வளவு? விலை ஏற எவ்வளவு வாய்ப்பு என்று தெரியாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டேன். அண்ணியும் அங்கேதான் மாட்டிக்கொண்டிருந்தார். பாடத்தில் அந்த வாய்ப்பைப் பற்றிப் பேச்சே இல்லாமல் ஐந்நூறு என்று விடை வந்தது. எங்கேயோ ஒரு வரியைத் தவறவிட்டோம் என்று வாரக்கணக்கில் தேடினோம். அண்ணனைக் கேட்டால், ஆள் முகத்தைப் பார்த்துத்தான் அச்சாரம், இதில் என்ன கணக்கு என்றார். கடைசியில் ஒருநாள், முண்டியம்பாக்கத்துச் சர்க்கரை ஆலை வாடை பெட்டிக்குள் வருகிற நேரத்தில், அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். அரை மூட்டையை இன்றே வாங்கு. மூவாயிரம் கடன், ஐந்நூறு கைக்காசு. விலை ஏறினால் அரை மூட்டை நாலாயிரம். கடனை அடைத்தது போக ஆயிரம் மிச்சம். இறங்கினால் அரை மூட்டை மூவாயிரம், கடனோடு சரி. அச்சாரம் கொடுத்தவனுக்கும் இதேதான் கிடைக்கும். வட்டியை விட்டுவிட்டால் அச்சாரமும் ஐந்நூறுதான். “இதுல யாரு எதை நம்பிக்கினு இருக்காங்கன்றதுக்கு எடமே இல்ல பாப்பா” என்றார். அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்கு ஏனோ சோர்வாக இருந்தது.

அடுத்த பாடம் அவருக்கு உடனே பிடிபட்டது. சந்தையில் ஒன்றுமே நடக்காமல் இருந்தாலும், கெடு நெருங்க நெருங்க அந்த உரிமையின் மதிப்பு தானாகவே கரைந்துகொண்டிருக்கும். இதை யாரும் தனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார்.

தேர்வில் அண்ணி தேறினார். வேலைக்கு வரச்சொல்லி மெயில் வந்தது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். முதலில் கொஞ்ச காலம் சென்னையில் தங்கிப் பயிற்சி. அண்ணன் கெட்டவர் இல்லை. திட்டமாட்டார், கத்தமாட்டார், எதற்கும் முடியாது என்று சொல்லமாட்டார். அதுதான் தொல்லை. பார்க்கலாம் என்பார். லோடு அனுப்பிவிட்டுப் பார்க்கலாம், அமாவாசை போகட்டும் பார்க்கலாம். ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே அண்ணி கேட்டுவிட்டார். “போன்னு சொல்லுங்க, இல்ல வேணாம்னு சொல்லுங்க. இப்படிக் காத்துக்கினு இருக்கறதுதான் என்னால முடியல.” அண்ணன் குழம்பு ஊற்றச்சொன்னார். இப்போது என்ன அவசரம் என்றார்.

நீங்களே சம்மதம் என்று அனுப்பிவிடுங்கள் என்று நான் அவரிடம் மல்லுக்கட்டினேன். “அனுப்பிட்டு இதே வூட்லதான பாப்பா நான் இருக்கணும்” என்றார் அண்ணி. கடைசி நாளன்று அண்ணன் பனமலைப் பக்கம் மூட்டை ஏற்றப் போயிருந்தார். வந்து பேசுகிறேன் என்று போனில் சொன்னார். ராத்திரி கெடு முடிகிறவரை வரவில்லை. மறுநாள் காலையில் அண்ணி எப்போதும்போல எங்கள் இருவருக்கும் டிபன் டப்பாவில் சோறு கட்டினார். ரயிலில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கினார். அவர் ரயிலில் தூங்கி அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

பிறகு சில மாதங்களில், பி.எஸ்சி. போதும் என்று அதே மாதிரி வேலைக்கு வேறொரு கம்பெனி ஆள் எடுத்தது. எழுதினேன், கிடைத்தது. கல்யாணப் பேச்சுக்கு நல்லது என்று அண்ணனே என்னைச் சென்னையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அண்ணி என்னிடம் ஒப்பித்த கணக்கைப் போட்டுத்தான் இன்றுவரை சம்பளம் வாங்குகிறேன். காலையிலிருந்து மூன்று திரைகளைப் பார்த்துக் கண் எரிகிறது. இது அவர் உட்கார வேண்டிய நாற்காலி என்ற நினைப்பு இல்லாமல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

சென்ற மாதம் எங்கள் பிரிவில் ஓர் இடம் காலியானது. வீட்டிலிருந்தே பார்க்கலாம், சென்னைக்குக்கூட வர வேண்டாம். இந்த முறை அண்ணனிடமே முதலில் கேட்டேன். “தாராளமா செய்யட்டும். நான் என்னிக்கி வேணாம்னேன்?” என்றார். உண்மைதான், அவர் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்லி விவரமெல்லாம் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நல்ல வேலதான் பாப்பா. அவரு இத அன்னிக்கி சொல்லியிருந்தா மெட்ராசுக்கு நடந்தே போயிருப்பேன். இப்ப வேணும்னே தோணல. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு.”