பழையது களயண்டா

“மூக்கு எங்க பக்கந்தான். நெத்தி மட்டும் வித்துரா பக்கம்.”

பிஜி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கரமனையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறவள் அவள். கடையில் அப்போது நாலைந்து பேர் நின்றார்கள். என் பேத்தியின் மூக்கைப் பற்றி அவர்களில் ஒருவர்கூட கேட்கவில்லை. ஆனால் அவள் பிறந்ததிலிருந்து எனக்கு இப்படித்தான். பஸ்ஸில் எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டால்கூட அந்த மூக்குதான் முதலில் வாயில் வருகிறது.

“கொள்ளாம் அண்ணாச்சி. மூக்கு அவிட இருக்கட்டும். இப்ப என்ன வேணும்?”

“ஒரு எஸ்டிடி.”

கடையே சிரித்தது. “எஸ்டிடி பூத்தெல்லாம் பூட்டி எத்தற காலமாச்சு. எஸ்எஸ்டி அல்லே? அனுஷா விளிச்சு பறஞ்சா. எடுத்து வச்சிட்டுண்டு.”

அவள் என் கையில் வைத்த சாமான் சீட்டுக்கட்டு அளவுகூட இல்லை. தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை.

“உள்ள ஒண்ணும் இல்லாத மாதிரி இருக்கே பிஜி?”

“பழய ஹார்ட் டிஸ்க்ல உள்ள ஒரு தட்டு கறங்கிட்டே இருக்கும் அண்ணாச்சி. இதுல கறங்க ஒண்ணுமில்ல. அதான் இத்தற வேகம்.”

சுற்றாமல் ஒன்று வேலை செய்யும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. நான் கம்பி கட்டுகிறவன். எங்கள் கட்டட வேலையில் கலவை மெஷினிலிருந்து மேஸ்திரி வரை எல்லாம் சுற்றினால்தான் நடக்கும். ஆனாலும் மருமகள் கேட்டிருக்கிறாள். அதைச் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையையும் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

என் மருமகள் அனுஷாவைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளுடைய அப்பா வித்துரா சந்தையில் சுமை தூக்குகிறவர். அவருடைய அப்பா போணக்காட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்த தமிழர். அனுஷா படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம். அவள் பேசுகிற தமிழில் பாதி மலையாளம். “சொல்லுதேன்னு சொல்லேன்டி, என்ன பறயுதேன்?” என்று என் வீட்டுக்காரி கோமதியம்மாள் கிண்டல் செய்வாள். “ஞான் பறயுறத நீங்க சொல்லிக்கோங்க மாமி” என்று அவள் பதில் கொடுப்பாள்.

கல்யாணமாகி வரும்போது பீரோ, கட்டில் ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தன் கம்ப்யூட்டர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வித்துராவிலிருந்து பஸ்ஸில் வந்தவள் அவள். என் மகன் பிரஜின் விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர் வண்டி ஓட்டுகிறான். அவன் வேலைக்குப் போனபிறகு இவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். கல்யாண ஆல்பம் செய்வதுதான் வேலை. ஸ்டுடியோக்காரர்கள் எடுத்த போட்டோக்களை அடுக்கி, வெட்டி, ஒட்டி, பக்கம் பக்கமாகப் புத்தகமாக்குவாள். போட்டோவில் மாமனார் கண்ணை மூடியிருந்தால் வேறொரு போட்டோவிலிருந்து அவர் கண்ணை எடுத்துத் திறந்து வைப்பாள். சாலை கடைத்தெருவில் போகும்போது யாராவது எதிரே வந்தால், “மாமா, அந்தச் சேட்டனுக்குக் கண்ணு திறந்து விட்டது ஞானாக்கும்” என்று என் காதில் சொல்வாள்.

பேத்தி பிறந்தபிறகுதான் சிக்கல். கம்ப்யூட்டர் கிழடாகிவிட்டது. அனுஷா சுவிட்சைப் போட்டுவிட்டு, பிள்ளையின் துணியெல்லாம் அலசிக் காயப்போட்டுவிட்டு வந்தால், திரையில் அந்த வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். அவள் உட்காருவதற்கும் பிள்ளை எழுந்திருப்பதற்கும் சரியாக இருக்கும். கையிலோ கோட்டைக்குள் அக்ரஹாரத்துப் பெண் விஜயலக்ஷ்மியின் கல்யாண ஆல்பம். பெண்ணும் மாப்பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமை வெளிநாடு போகிறார்கள். ஸ்டுடியோ மஹேஷ் போனில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தார்: “கைக்குழந்தையும் வச்சுகிட்டு ஒனக்கு முடியலேன்னா பறஞ்சிரு அனுஷா. வேற ஆளுண்டு.”

அந்தப் போன் வந்த அன்று அனுஷா சரியாகச் சாப்பிடவில்லை. இந்த ஆல்பம் போனால் மஹேஷிடமிருந்து அடுத்தது வராது என்று அவளுக்குத் தெரியும். மறுநாள்தான் பிஜியைக் கூப்பிட்டாள்.

நான் புதியதைக் கொண்டுவந்து கொடுத்ததும் அனுஷா பாயை விரித்து, கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கப்போட்டு, திருப்புளியால் திறந்தாள். உள்ளே தூசி எங்கள் சைட் மாதிரி இருந்தது.

“பெத்த ஒடம்பு, குனியாத. மாமா செய்வாவல்லா?” என்றாள் கோமதி.

“மாமா செஞ்சா இதுக்கும் கம்பி கட்டிருவாங்க மாமி.”

பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றினாள். இரும்புச் செங்கல் மாதிரி கனம். அந்த இடத்தில் புதியதை மாட்டினாள். அப்புறம் என் பக்கம் கையை நீட்டினாள். “வயர் எங்க மாமா? ரெண்டையும் சேர்த்து மாட்டணும்லா? பழயதுல உள்ளத எல்லாம் புதுசுக்கு மாத்தணும்.”

வயரும் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். நான் மூக்கைப் பற்றிப் பேசியதில் அது விட்டுப்போயிற்று.

“சாரமில்ல, பரவால்ல. நாளைக்கு ஊசி போடப் போகும்போது வாங்கிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, பழையதை வராந்தாவில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு வந்து, பிஜி தந்திருந்த பென்டிரைவைச் செருகி, புதியதில் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினாள். முடிந்ததும் அணைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டாள். “இப்ப பாருங்க.”

சுவிட்சைத் தட்டினாள். நான் பேத்தியைத் தோளில் சரியாகப் போடுவதற்குள் திரை முழுக்க வந்து நின்றது.

“நீ அணைக்கவே இல்லியோ?” என்றாள் கோமதி.

மறுபடி அணைத்துப் போட்டுக் காட்டினாள். மறுபடியும் அப்படியே. “இன்னொரு தடவ போடு” என்றேன். கோயில் கொடைத் திருவிழாவில் வாணம் விடுவதைப் பார்ப்பதுபோல நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்துகொண்டு நின்றோம். பேத்திகூட அழவில்லை.

மறுநாள் காலை பிள்ளைக்கு ஊசி. ஆட்டோ வாசலில் நின்றது. பிள்ளை என் தோளில். அனுஷா ஏறப்போனவள் திரும்பி உரக்கச் சொன்னாள்:

“மாமி, பழயது களயண்டா, கேட்டீங்களா? ஞான் வந்து பாத்துக்கிறேன்.”

“சரிட்டி” என்றாள் கோமதி. ஆனால் முகத்தில் ஒரு மாதிரி யோசனை. ஊசிக்குப் பயப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஊசி போட்டபோது பேத்தி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், வரிசையில் நின்ற மற்ற பிள்ளைகளெல்லாம் பயந்து அழுதன. எனக்கு ஒரே பெருமை. திரும்பும்போது பிஜி கடையில் வயர் வாங்கினோம். இந்த முறை நான் ஆட்டோவிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

வீட்டு வாசலில் கோமதி என்னை ஓரமாக இழுத்தாள். “பால் குடுக்குறவ பழையது கேக்கலாமா? பச்சப்பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கிடாதா? நீங்களாவது சொல்லக்கூடாதா?”

“எந்தப் பழையது?”

“களயண்டாம்னு சொல்லிட்டுப் போனாளே. அரிசி களையுற மாதிரி அலசிரப்பிடாதுன்னு நீத்தண்ணியோட அப்படியே மூடி வச்சிருக்கேன். ஒங்களுக்குக்கூட குடுக்கல.”

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. உள்ளேயிருந்து அனுஷாவின் குரல் வந்தது. “மாமி, வராந்தால ஒரு அட்டப்பெட்டி இருந்ததே? எவிட?”

“அந்தக் குப்பையா? ஒடஞ்ச கீபோர்டும் இரும்பும் கிடந்துச்சு. ஆக்ரி மகாராஜா வந்தான், தூக்கிக் குடுத்துட்டேன். பிள்ள தவழ ஆரம்பிச்சா தூசி ஆகாதுல்லா.”

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் பழையது என்றால் ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்த சோறு. வேறு அர்த்தம் கோமதிக்குத் தோன்றாது. வித்துராவில் அந்தச் சோற்றுக்குப் பேர் பழங்கஞ்சி. அவர்களுக்குப் பழயது என்றால் பழைய சாமான் எதுவானாலும்தான். களயுவது என்றால் தூர எறிவது. அனுஷா ஹார்ட் டிஸ்கை எறிந்துவிடாதீர்கள் என்று சொன்னாள். கோமதி சோற்றைக் காப்பாற்றிவிட்டு ஹார்ட் டிஸ்கைப் பழைய இரும்பு எடுக்கிற ஆக்ரிக்காரன் மகாராஜாவிடம் கொடுத்துவிட்டாள்.

அனுஷா நாற்காலியில் உட்கார்ந்தாள். வாங்கிவந்த வயரை மடியில் வைத்துச் சுருட்டினாள்.

“விஜயலக்ஷ்மியோட கல்யாணம் முழுக்க அதுலதான் இருக்கு மாமி.”

“கல்யாணந்தான் அன்னைக்கே முடிஞ்சிருச்சே?” என்றாள் கோமதி. பிறகு மருமகளின் முகத்தைப் பார்த்து அவள் முகமும் வெளுத்தது.

“ஞான் செஞ்ச பக்கம் எல்லாம் போச்சு. முதல்லேர்ந்து செய்ய இனி நேரமில்ல. பிள்ள வந்தா இவளுக்கு முடியாதுன்னு மஹேஷண்ணன் பறஞ்சது சரியாப் போச்சு.”

“எந்திரி” என்றேன். “வண்டிய எடு. அவன் வண்டிய மிதிச்சுத்தான போவான்?”

பிள்ளையைக் கோமதியின் கையில் கொடுத்துவிட்டு, அனுஷா ஸ்கூட்டரை எடுத்தாள். நான் பின்னால். அவள் ஓட்டிய ஓட்டில் என் வேட்டி கொடி மாதிரி பறந்தது. போகிற வழியெல்லாம் “மகாராஜாவப் பாத்தியளா, மகாராஜாவப் பாத்தியளா” என்று கேட்டுக்கொண்டே போனேன். மணக்காட்டில் பூக்கட்டுகிற அம்மா ஒருத்தி, “மகாராஜாவக் காணணும்னா கவடியார் கொட்டாரத்துக்குப் போங்கோ” என்று அரண்மனைக்கு வழி சொன்னாள். சிரிக்க எனக்கு நேரமில்லை. அனுஷா மட்டும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் கிடைத்துவிடும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அட்டக்குளங்கரையில் ஒரு டீக்கடை ஓரம் அவன் வண்டி நின்றது. மகாராஜா ஒரு கையில் டீ கிளாஸ், மறு கையில் எங்கள் ஹார்ட் டிஸ்க் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஒரு திருப்புளி.

“அண்ணாச்சி, நல்ல நேரத்துல வந்திய. இது என்ன எழவு? உள்ள நல்ல காந்தம் இருக்கும்னு கழத்தப் பாத்தா, நட்டு நட்சத்திரம் மாதிரி இருக்கு. எந்தத் திருப்புளியும் சிக்கல. டீயக் குடிச்சிட்டுச் சுத்தியல எடுக்கணும்.”

அனுஷா அவன் கையிலிருந்து அதை வாங்கியே விட்டாள். வாங்கி, பிள்ளையைப் போலத் தடவிப் பார்த்தாள்.

“ஏ, ஏ, என் சாமான்” என்றான் மகாராஜா.

“இதுக்குள்ள ஒரு கல்யாணம் இருக்குடே” என்றேன்.

அவன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “வெயில்ல அலஞ்சியளா?” என்று கேட்டான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பழையதையும் பழயதையும் சொன்னபோது டீ அவனுக்குப் புரை ஏறிவிட்டது. “எங்க வீட்டுலயா இருந்தா சோத்தையும் சேர்த்து வண்டில ஏத்திருப்பாவ. கொண்டு போங்க. ஆமா, பேரனா பேத்தியா?”

கடைசியில் ஒரு மனுஷன் கேட்டுவிட்டான். அனுஷா ஸ்கூட்டரின் ஹாரனை இரண்டு தடவை அடிக்கும்வரை நான் மூக்கைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து வயரை மாட்டினாள். வண்டியில் அது எத்தனை குழியில் குலுங்கியதோ, உள்ளே இருக்கிற தட்டு என்ன ஆனதோ, யாருக்குத் தெரியும். சுவிட்சைத் தட்டினாள். திரை உடனே வந்தது. ஆனால் பழையதைக் காணவில்லை. கோமதி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு முத்தாரம்மனைக் கூப்பிட்டாள். பெட்டிக்குள்ளிருந்து கிறுகிறுவென்று ஒரு சத்தம்.

“கறங்குது மாமா” என்றாள் அனுஷா மெல்ல.

திரையில் இன்னொரு கட்டம் வந்தது. அதைத் திறந்தாள். பட்டுப்புடவை, மாலை, ஊஞ்சல், நாதஸ்வரம். விஜயலக்ஷ்மி சிரித்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய மாமனாருக்குக் கண் இரண்டும் திறந்தே இருந்தது. கோமதி அந்த முன்பின் தெரியாத கல்யாணத்துக்குக் கும்பிடு போட்டாள்.

அப்புறம் எல்லாம் புதியதற்கு ஏறியது. அனுஷா வேலை செய்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒரு காலால் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, கையால் பக்கத்தைப் புரட்டுவாள். முன்பெல்லாம் ஒரு பக்கம் சேமிப்பதற்குள் அவள் கொட்டாவி விடுவாள். இப்போது பிள்ளை கொட்டாவி விடுவதற்குள் அடுத்த பக்கம் வந்துவிடுகிறது. சொன்ன தேதிக்கு முன்பே ஆல்பம் போய்ச் சேர்ந்தது. மஹேஷ் போனில், “குழந்தை உறங்கிட்டே இருந்தாளா என்ன?” என்று கேட்டாராம். மறுநாளே இன்னும் இரண்டு கல்யாணத்தை அனுப்பிவிட்டார்.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கோமதி எதையும் கேட்காமல் வெளியே போடுவதில்லை. காய்த் தோலைக்கூடக் காட்டிவிட்டுத்தான் போடுகிறாள். இன்று காலையும் ஒரு கையில் சோற்றுச் சட்டி, மறு கையில் பழைய ஹார்ட் டிஸ்க், இரண்டையும் தூக்கிக்கொண்டு போய் அனுஷாவின் முன்னால் நின்றாள். அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

“எந்தப் பழையதக் களையணும், எத வைக்கணும், இப்பமே சொல்லிரு.”

அனுஷா இரண்டையும் பார்த்தாள். என்னையும் ஒரு பார்வை பார்த்தாள்.

“சோறு மாமாவுக்கு, டிஸ்க் எனக்கு. ஆக்ரிக்காரர் வந்தா ரெண்டையும் குடுக்காம, மாமாவ விட்டு மூக்கப் பத்தி மட்டும் பேசி அனுப்புங்க மாமி.”