கட்டுக்கம்பி அண்ணன் பிரித்துக் காட்டிய பள்ளிக்கூடம்

அவருக்குச் சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லி அழைத்தால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். பெருக்குவதிலிருந்து பழுதுபார்ப்பதுவரை எல்லாம் அவர் பொறுப்பில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் கட்டுக்கம்பி அண்ணன்தான். மற்றவர்கள் பேனா வைக்கும் பையில் அவர் ஒரு சுருள் கட்டுக்கம்பி வைத்திருப்பார், கூடவே ஒரு குறடு. இருபத்தாறு வருடமாக அந்த மூன்று மாடிக் கட்டடம் நிற்பது சிமெண்டினாலா, கம்பியினாலா என்று கேட்டால் ஆசிரியர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார்கள்.

பழுது இருக்கலாம், தெரியக்கூடாது; அதுதான் அவர் கொள்கை. பெஞ்சின் உடைந்த காலுக்குப் பதில் செங்கல் வைத்தால், செங்கலுக்கும் பெஞ்சின் நிறத்திலேயே பெயின்ட் அடிப்பார். மேல்மாடி எட்டாம் வகுப்பில் கூரை ஒழுகும் இடத்தில் ஒரு அலமாரியை நகர்த்தி, அதன்மேல் வாளி வைத்து, வாளிக்கு முன்னால் உலக வரைபடத்தைத் தொங்கவிட்டிருந்தார். மழை நாளில் பெருங்கடல் சொட்டுச் சொட்டென்று சத்தம் போடும். பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டது.

ஆனால் பிள்ளைகளே குறைந்துகொண்டு வந்தார்கள். கணக்கு ஆசிரியர் மாற்றலாகிப் போய் ஒரு வருடமாகியும் அந்த இடத்துக்கு ஆள் வரவில்லை. விளையாட்டு ஆசிரியர் விசிலும் கழுத்துமாகப் பின்னம் நடத்திக்கொண்டிருந்தார். இந்த நேரத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. நகரத்தில் மிக மோசமான நான்கு பள்ளிகளை மட்டும் இந்த வருடம் பழுதுபார்ப்பார்களாம். அந்த நான்கில் ஒன்றாக வராவிட்டால், மழைக்கு முன் மேல்மாடியைப் பூட்டி, பெரிய வகுப்புப் பிள்ளைகளை நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியதுதான். அப்படிப் போகிறவர்களில் பாதிப் பேர் படிப்பையே விட்டுவிடுவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

தலைமையாசிரியை அவரை அழைத்து உட்கார வைத்தார். "அண்ணே, வியாழக்கிழமை இன்ஜினியர் வர்றார். அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க. உடைஞ்சது உடைஞ்சபடியே இருக்கட்டும்."

தலையாட்டிவிட்டு வந்தாரே தவிர, வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வெளி ஆள் பார்க்க வரும்போது இடத்தை அலங்கோலமாக விட்டு வைப்பதா என்று புலம்பினார். மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்காவிட்டால், அதே கம்பியால் தானே அவர் கையைக் கட்டிவிடப்போவதாக மனைவி எச்சரித்தார்.

புதனும் எப்படியோ கழிந்தது. வியாழன் காலை ஆறு மணிக்கே, பெருக்கிவிட்டு வரலாம் என்று மட்டும்தான் போனார். துடைப்பத்தை எடுத்ததும் சாய்ந்து நின்ற கதவு கண்ணில் பட்டது. கை சும்மா இருக்குமா? மணி அடிப்பதற்குள் பள்ளியில் ஒரு பழுதும் வெளியே தெரியவில்லை.

பத்து மணிக்கு வந்த இன்ஜினியர் மூன்று மாடியும் ஏறி இறங்கினார். இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்கிற பள்ளியைத் தான் பார்த்ததே இல்லை என்று மெச்சி, கோப்பை மூடினார். கட்டுக்கம்பி அண்ணனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அப்புறம்தான் தலைமையாசிரியையின் முகத்தைப் பார்த்தார். அந்த அம்மா கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. கண் கலங்கி நின்றுகொண்டிருந்தார்.

"சார், போயிடாதீங்க," என்றார் கட்டுக்கம்பி அண்ணன். "நீங்க பார்த்தது எதுவும் நிஜமில்ல."

குறடை எடுத்து முதல் கம்பியை வெட்டினார். ஆய்வுக்கூடக் கதவு அப்படியே அவர் கைக்கு வந்தது. செங்கலை உருவினார், பெஞ்சு மண்டியிட்டது. வரைபடத்தைத் தூக்கி வாளியைக் காட்டினார். மாடிப்படிக் கைப்பிடியில் ஒரு முடிச்சைத் தளர்த்தியதும் அது ஆடிய ஆட்டத்தில், சற்று முன் அதில் சாய்ந்து நின்று பாராட்டிய இன்ஜினியருக்கு வியர்த்துவிட்டது. ஜன்னல் வழியே பார்த்த பிள்ளைகள் ஒவ்வொன்றுக்கும் கைதட்டினார்கள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இருபத்தாறு வருட மானம் அல்லவா? ஆனாலும் நிறுத்தவில்லை. இன்ஜினியர் கோப்பை மறுபடி திறந்து எழுதிய குறைப் பட்டியல் நாற்பத்தொன்றுக்குப் போயிற்று.

இன்னும் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று இன்ஜினியர் கேட்டார்.

"ஒண்ணு இருக்கு சார். அடுத்த வருசம் மார்ச்சுல நான் ரிட்டயர் ஆகுறேன். அதையும் எழுதிக்கோங்க."

இன்ஜினியர் சிரித்தார். பிறகு கழன்று கிடந்த கதவைப் பார்த்தார், சிரிப்பு நின்றது. நாற்பத்திரண்டு என்று போட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாளும் பள்ளி உண்டே. அன்று சாயங்காலமே எல்லாவற்றையும் பழையபடி கட்டி வைத்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போனார். அடுத்த மாதம் உத்தரவு வந்தது. நான்கு பள்ளிகளில் அவர்களுடையது முதலாவது. தலைமையாசிரியை அவரை அழைத்துக் கடைசி வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினார்: "நாற்பத்திரண்டாவது குறை ஏற்படுவதற்குள் வேலை முழுவதையும் முடிக்கவும்."