ஆக்னஸ் போனில் சொன்ன செலவு

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். செங்கல் சுமந்து, சென்ட்ரிங் வேலை பழகி, பிறகு நானே ஆள் வைத்து வேலை எடுத்து, பருத்திப்பட்டில் நான்கு போர்ஷன் கொண்ட மாடி வீடு கட்டினேன். என்ஜினீயரே என்னிடம் வந்துதான் சந்தேகம் கேட்பார். இப்போது என் அண்ணன் மகன் நாகேந்திரன், அது குடும்பச் சொத்து, வாடகையில் தனக்கும் பங்கு வேண்டும் என்று கோர்ட்டில் கேஸ் போட்டிருக்கிறான். அதனால் என் வாடகையைப் பற்றி யார் வாயைத் திறந்தாலும் என் காது அங்கே போய்விடும்.

மாடியில் குடியிருக்கும் ஆக்னஸ் அப்படித்தான் மாட்டினாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் பேக்கிங் வேலை அவளுக்கு. கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள். நாள் முழுக்க நின்று நின்று கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டிருக்கிறது. கணவன் தேவா கம்பெனி வேன் ஓட்டுகிறான். ஒரே பெண், ஏழாவது படிக்கிறாள். குடிவந்த நாளிலிருந்து வாடகை தேதி தவறியதில்லை. அதுவே எனக்கு உறுத்தல்தான். இந்தக் காலத்தில் இவ்வளவு ஒழுங்காக யார் தருகிறார்கள்?

ஒரு ஒன்றாம் தேதி வாடகையைக் கொடுத்துவிட்டுப் படியேறியவள், பாதியில் நின்று போனை வாயருகே வைத்துச் சொன்னாள்: "ஓனருக்கு ஏழாயிரம் குடுத்தாச்சு. ரொக்கமா."

ரொக்கம் என்று யாரிடம் சொல்கிறாள்? எதற்கு?

அன்று முதல் கவனித்தேன். கேட்டுக்குள் நுழையும்போதே போனில் ஏதோ முணுமுணுப்பாள். ஹலோ கிடையாது, எதிரில் பேசுகிற சத்தமும் கிடையாது. என்னைக் கண்டதும் நிறுத்திவிடுவாள். தண்ணீர் லாரிக்கு அவளிடம் பங்குக் காசு வாங்கினேன். அதுவும் போனுக்குப் போனது. நாகேந்திரன்தான் ஆள் வைத்திருக்கிறான் என்று முடிவு கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்தவளைக் கேட்டருகே நிறுத்தினேன்.

"மாசக் கடைசிக்குள்ள ஊட்ட காலி பண்ணிடும்மா."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "இன்னா சார் திடீர்னு? நாங்க இன்னா தப்பு பண்ணோம்?"

"போன்ல யாருக்குத் துப்பு குடுக்குற? நாகேந்திரனுக்கா?"

"அது யாரு சார்?"

"நடிக்காத. என் வாடகைய நீ சொல்றத என் காதால கேட்டேன்."

"ஐயோ சார், அது எங்க ஊட்டு செலவு!"

"செலவ எவனாச்சும் போன்ல பேசிகினு இருப்பானா? போடு, கேக்கறேன்."

தயங்கினாள். எனக்குச் சந்தேகம் இன்னும் ஏறியது. பிறகு போட்டாள். அது ஒரு வாட்ஸ்அப் குரூப். அதில் அவளும் தேவாவும் மட்டும்தான்.

"கொத்தமல்லி பத்து. பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் நூத்தியிருவது" என்றது அவள் குரல்.

"டீ, வட முப்பது. பைக் பஞ்சர் நூறு" என்றான் தேவா.

"போன வாரமும் பஞ்சர்தானே மாமே? உனக்குன்னு தனியா ரோட்ல ஆணி போட்டு வெச்சிகீறானுங்களா?"

"நீ மட்டும் நைட்டி முன்னூறுன்ற. போன மாசம் வாங்கினத எலி துன்னுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

போன வருடம் பெண்ணின் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு ஆக்னஸின் செயினை அடகு வைத்தார்களாம். இரண்டு சம்பளம் வந்தும் காசு எங்கே போகிறதென்று இருவருக்கும் தெரியவில்லை. அவள் அவனைச் சொல்ல, அவன் அவளைச் சொல்ல, பெரிய சண்டை. அதன்பிறகுதான் செலவு செய்த இடத்திலேயே நின்று போனில் சொல்லிவிட வேண்டும் என்று ஏற்பாடு.

"எழுதி வைக்கறதுதானே?" என்றேன்.

"எழுதினா இஷ்டத்துக்கு எழுதலாம் சார். வாயால சொன்னா கடைக்காரன் சத்தமும் சேந்து வுழும். பொய் சொன்னா அவரு மாட்டிக்குவாரு."

"சரி, ரொக்கம்னு ஏன் சொன்ன?"

தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்க ரசீது தர்றதில்லையே சார். நாளைக்கு வாங்கலன்னு சொல்லிட்டீங்கன்னா?"

என்னையே சந்தேகப்பட்டிருக்கிறாள்! கோபம் வந்தது. ஆனாலும், எண்ணிப் பார்க்காமல் ஒரு சிமென்ட் மூட்டையைக்கூட இறக்க விடாதவன் நான். அந்தக் குணம் இவளிடம் இருக்கிறது, பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது.

"இன்னும் ரெண்டு மாசம் கட்டினா செயின் வந்துடும் சார். இப்ப ஊடு மாறினா புது ஓனரு டபுளா அட்வான்ஸ் கேப்பான், புரோக்கருக்கு வேற தரணும். சேத்ததெல்லாம் பூடும். செயினு ஏலத்துக்குப் போயிடும்" என்றபோது அவள் குரல் உடைந்தது.

அப்போதும் நான் ஏமாறவில்லை. போனை வாங்கி நாகேந்திரன் நம்பர் இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. அழித்திருப்பாளோ என்று தேவாவின் போனையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். அதிலும் இல்லை.

"சரி, இங்கயே இருங்க" என்றேன்.

செயின் இப்போது அவள் கழுத்துக்கு வந்துவிட்டது. போன் பேச்சு மட்டும் நிற்கவில்லை. இந்த ஒன்றாம் தேதி வாடகையை நீட்டியவள், போனையும் என் வாயருகே நீட்டினாள்.

"வாங்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க சார்."

என் குரலே நாளைக்குக் கோர்ட்டில் நாகேந்திரனுக்குச் சாட்சியாகிவிடுமோ என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பயந்தவன் என்று அவள் நினைத்துவிடக் கூடாது.

"வாங்கிட்டேன்" என்றேன், சத்தமாகவே.

சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் படியேறினாள்.