அக்கா கட்டிவைத்த மடிப்புகள்

எல்லாம் வல்ல முருகப்பெருமானின் பாதம் வணங்கி, எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் கூடியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தம்பி நான் எழுதுகிறேன். எனக்கு அதிகம் எழுதிப் பழக்கமில்லை. வேன் ஓட்டுவதுதான் என் தொழில். ஆனாலும் அம்மாவைப் பற்றி மாமாதான் எழுத வேண்டும் என்று அக்கா மகள் சொல்லிவிட்டாள்.

அக்கா பிறந்தது சிங்கப்பூரில், ஒரு சின்ன வீட்டில். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தபோது எங்களுக்குக் கிடைத்த ஓரறை வீடு அது. அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் தொடக்கப்பள்ளியோடு அக்காவின் படிப்பு நின்றது. என்னைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அவர் தையல் மெஷினில் உட்கார்ந்தார். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த மெஷின் நிற்கவில்லை. லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடை வாசலில் உட்கார்ந்து அவர் தைத்த ரவிக்கைகளைப் போட்டவர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்கும், ஒரு சுருக்கம் இருக்காது, கட்டைவிரல் அகலத் துணிகூட வீணாகாது. அதுதான் அவருக்குப் பெருமை.

அத்தான் இறைவனடி சேர்ந்த மறு வருடம் அந்தக் கடை கைமாறியது. வாசலில் தையலுக்கு இடமில்லை என்றார்கள் புதியவர்கள். அக்கா மகள் அப்போது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தாள். பூன் லேயில் எங்கள் வீட்டுக்கே வந்துவிடும்படி நானும் என் மனைவியும் கூப்பிட்டோம்.

"உன் வீட்டுக்கு விருந்தாளியா வருவேன் தம்பி, குடியிருக்க வரமாட்டேன். என் பொண்ணை நான்தான் படிக்க வைப்பேன்" என்றார். "கர்ட்டன் தைக்கக் கத்துக்கப் போறேன். ஊரெல்லாம் புது வீடா கட்டறாங்க. எல்லா வீட்லயும் ஜன்னல் இருக்குல்ல?"

"இந்த வயசுல கிளாஸா அண்ணி?" என்றாள் என் மனைவி.

"ஏன், ஐசி கார்டைக் காட்டு, வயசைச் சொல்லுன்னு ஜன்னல் கேக்கப் போகுதா?"

ஜூரோங் பக்கம் திரைச்சீலைத் தையற்கூடம் நடத்திய ஒரு சீன அம்மையாரிடம் போய்ச் சேர்ந்தார். நன்றாகக் கற்றுக்கொள்பவர்களுக்கு அவரே தொடர்ந்து வேலையும் கொடுப்பார். அந்த வேலை கிடைத்தால்தான் மகளின் படிப்பு நிற்காது. அக்காவின் வேண்டுதல் எல்லாம் அது ஒன்றுதான்.

முதல் திரைச்சீலையிலேயே சறுக்கிவிட்டது. ஜன்னலின் அகலத்தைக் கவனமாக அளந்து, அதே அகலத்துக்குத் துணியை வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து மாட்டிவிட்டார். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் இழுத்து மூடினால், கொடியில் காயப்போட்ட படுக்கை விரிப்பு மாதிரி தட்டையாக நின்றது. உடம்புக்கு ஒட்டத் தைத்தே பழகிய கை அல்லவா! அம்மையார் மலாய் மொழியில் திட்டியதை அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினார்.

"இடுப்புல கையை வச்சிக்கிட்டு, 'என்ன, ஜன்னலுக்குச் சட்டை தச்சிருக்கியா?'ங்கிறாங்க!"

"கொக்கி முன்னாடியா பின்னாடியா அண்ணி?" என்று கேட்டுவிட்டு என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அக்காவும் சிரித்தார். பிறகு அவர் முகம் மாறியது.

"ரவிக்கை தச்ச கைக்கு இது வராது, வேற வேலை பாருன்னு சொல்லிட்டாங்க தம்பி. இன்னொரு தடவை பாருங்கன்னு கெஞ்சிட்டு வந்திருக்கேன். ஒரு வீட்ல முழுசாத் தச்சு மாட்டிக் காட்டணும். உன் ஹால் ஜன்னலைக் குடு."

கொடுத்தேன். ஜன்னலைப்போல இரண்டு மடங்கு அகலத்துக்குத் துணி வாங்கி வந்தார். மடிப்பு விழ அவ்வளவு வேண்டும். கத்தரியைக் கையில் எடுத்தவருக்கு வெட்ட மனசு வரவில்லை. "இவ்ளோ துணியாடா?" என்றார். பிறகு துணியைச் சாமி படத்தின் முன் வைத்து, திருநீறு பூசிக்கொண்டு வெட்டினார். "உடம்புக்கு ஒட்டித் தைக்கணும், ஜன்னலுக்கு விட்டுத் தைக்கணும். இனிமே மறக்க மாட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

திரைச்சீலை ஓடும் ரெயிலை மாட்டியது நான்.

"இடது பக்கம் இறங்குது தம்பி."

"நேராத்தான் இருக்குக்கா."

"அப்ப உன் கண்ணுதான் இறங்குது."

மட்டக்கோல் வைத்துப் பார்த்தேன். ரெயில்தான் இறங்கியிருந்தது.

திரைச்சீலையை மாட்டியதும் ஒவ்வொரு மடிப்பாக விரலால் நீவிச் சேர்த்து, மேலே, நடுவே, கீழே என்று துணிப் பட்டைகளால் கட்டினார். ரவிக்கை லைனிங்கில் மிச்சமான துணி அது. "மடிப்பு பழகணும். நான் வந்து அவிழ்க்கிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது." அதுவரை எங்கள் ஹாலில் மதிய வெயில் கொளுத்தியது. என் மனைவி முணுமுணுத்தாளே தவிர, கை வைக்கவில்லை.

அக்கா அம்மையாரை அழைத்துவந்து, அவர் முன்னாலேயே கட்டுகளை அவிழ்த்தார். இழுத்து மூடினால் மடிப்புகள் ஒரே சீராக விழுந்தன. திறந்தால் தானாகவே பழைய இடத்தில் போய் அடங்கின. அம்மையார் கீழ் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "திங்கட்கிழமை வேலைக்கு வா" என்றார். அக்கா அன்றைக்கே கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்தார்.

அதன் பிறகு அக்காவின் கை நிற்கவில்லை. சிராங்கூனிலிருந்து பூன் லே வரை எத்தனையோ வீடுகள். லீவு நாட்களில் ரெயில் மாட்ட நான் கூடப் போவேன். அந்த வீட்டில் எந்தச் சாமி இருந்தாலும் கும்பிட்டுவிட்டுத்தான் ஏணியைத் தொடுவார். ஒரு வீட்டில் பார்த்ததை இன்னொரு வீட்டில் பேச மாட்டார். அந்த உழைப்பில் மகளைப் படிக்கவைத்தார், கட்டிக்கொடுத்தார்.

கடைசியாகத் தைத்ததும் மகளின் புது வீட்டுக்குத்தான். மாட்டி, மடிப்பைக் கட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை விளக்கேத்திட்டு நானே வந்து அவிழ்ப்பேன். கையை வச்சா மாப்பிள்ளைன்னுகூடப் பார்க்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தார். அந்த வெள்ளிக்கிழமை வருவதற்குள் ஒரு நாள், காலைப் பூஜை முடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வலி தெரியாமல் முருகன் அழைத்துக்கொண்டான் என்றே நம்புகிறோம்.

கருமக்கிரியை முடிந்தபின் அக்கா மகள் என்னைக் கூப்பிட்டாள். "மாமா, கர்ட்டன் இன்னும் கட்டினபடியே இருக்கு. எனக்குக் கை வரல. அம்மா வர்றேன்னு சொன்னாங்க."

போனேன். மேலே இருந்ததை நான் அவிழ்த்தேன், மற்றவற்றை அவள் அவிழ்த்தாள். பிறகு ஒரு முறை இழுத்து மூடித் திறந்தாள். ஒரு மடிப்பும் பிசகவில்லை. "நல்லாப் பழகிடுச்சு மாமா" என்றாள். அத்தனை நாளில் அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

அக்காவின் இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த அண்டை வீட்டாருக்கும், முறையாகச் சடங்குகளை நடத்தித் தந்த குருக்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்ட சகோதரிகளுக்கும், தையற்கூடத்தை மூடிவிட்டு வந்து எங்களோடு நின்ற சீன அம்மையாருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் வீட்டு ஜன்னலில் அக்கா தைத்தது தொங்குகிறது. துவைத்து மாட்டும்போது மடிப்புகளைச் சேர்த்துக் கட்டி, சில நாள் அப்படியே விட்டுவிடுங்கள். பிறகு நீங்களே அவிழ்த்துக்கொள்ளுங்கள். ரெயில் இறங்கியிருந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுங்கள். வருகிறேன்.