ஜீப்பில் உட்கார்ந்தபடி பார்த்த மரங்கள்

மாசி மாதக் காற்றில் காய்ந்த வாகை நெற்று சலசலக்கும் சத்தம்… அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் ரோட்டில் அதுதான் எங்களுக்குத் துணை. இன்று நினைத்தாலும் அந்தச் சத்தத்தோடு சிவப்புப் பெயிண்ட் வாடையும் சேர்ந்தே வருகிறது.

எண்பதுகளின் கடைசி. ரோட்டு வேலை கேங்கில் நான் ஓர் ஆள். மரத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அரிவாளின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி நானே தெரிந்துகொண்டது.

ஆபத்தான மரங்களுக்கு லிஸ்ட் எடுக்க ஒரு புது இன்ஜினியர் வந்தார். ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. இலை இல்லாவிட்டால் பட்ட மரம். இலை இருந்தால் நல்ல மரம்.

மாசியில் வாகைக்கு ஏது இலை?

"சார், நகத்தால கீறிப் பாருங்க. உள்ள பச்சையா இருக்கு. சித்திரையில துளுத்துரும்" என்றேன்.

ஓவர்சியர் முறைத்தார். "ஏய்யா, அவுக படிச்சிட்டு வந்துருக்காக. நீ குறியப் போடு."

போடமாட்டேன் என்று பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். பக்கத்தில் நின்றவன் எடுத்துப் போட்டான். ஏழு வாகைக்கும் வெட்டச் சொல்லிச் சிவப்புக் குறி.

வாகையையாவது விடுங்கள். பஸ் ஸ்டாப் புளியமரத்தைத்தான் முதலில் வெட்டியிருக்க வேண்டும். மேலே குடை மாதிரிப் பச்சை. அடியில் காளான். தட்டினால் காலி டிரம் சத்தம். பருத்தி எடுக்க வந்து திரும்பும் பெண்கள் தினமும் மத்தியானம் அதன் கீழேதான் பஸ்ஸுக்கு நிற்பார்கள்.

"அது நல்லா தழைச்சு நிக்குதேய்யா" என்றார் இன்ஜினியர். ஜீப் போய்விட்டது.

ஆபீஸுக்கு மனு எழுதினேன்… பதில் இல்லை. மறுபடி எழுதினேன்… "கவனிக்கப்படும்" என்று வந்தது. எவர் கவனித்தார்? கடைசியில் நானே வேலிக்கருவை முள்ளை வெட்டி மரத்தைச் சுற்றிப் போட்டேன்.

"என்ன அண்ணாச்சி, நிழலுக்கும் வேலியா? பட்டா வாங்கிட்டீகளா?" என்றாள் ஒருத்தி. "உள்ள பொந்து, விழுந்துரும் தாயி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

அவர்கள் இழுத்துப் போடுவார்கள். மறுநாள் நான் திரும்பப் போடுவேன். சலித்துப்போய் எதிர்ப்பக்கம் வெயிலில் நிற்க ஆரம்பித்தார்கள்… என்னைத் திட்டிக்கொண்டே.

பங்குனியில் வாகைகளை வெட்டி லோடு ஏற்றினார்கள். சித்திரையில் அடிக்கட்டை ஏழும் துளிர்த்தன. பட்ட மரங்களாம்.

அதே சித்திரையில் ஒரு மத்தியானம், கோடை மழைக்கு முன் அடித்த காற்றில் புளியமரம் பிளந்து முள்ளின் மேலும் ரோட்டிலுமாக விழுந்தது. உள்ளே ஓர் ஆள் நிற்கலாம், அவ்வளவு பொந்து. எதிர்ப்பக்கம் நின்ற பெண்கள் ஓடி வந்து பொந்தை எட்டிப் பார்த்தார்கள்.

பட்டா கேட்டவள்தான் முதலில் வாய் திறந்தாள். "நல்லா நின்ன மரம். எல்லாம் ஒங்க வாய் முகூர்த்தம் அண்ணாச்சி. இனி நிழலுக்கு எங்க போக?"

ஆபீஸில் "நல்ல மரம், காற்றில் விழுந்தது" என்று எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. பொதுமக்களுக்கு இடைஞ்சலாக ரோட்டோரம் முள் போட்டது ஏன்?

இப்போது லிஸ்ட் எடுக்க வருகிறவர்கள் கார் கண்ணாடியை இறக்காமலே செல்போனில் மரத்தைப் போட்டோ எடுத்துப் போகிறார்கள். அந்த ஜீப்புக்குக் கண்ணாடி கிடையாது. நான் சொன்னது அந்த இன்ஜினியர் காதிலாவது விழுந்தது…

மெமோவுக்கு நான் பதில் எழுதவில்லை. ரிட்டையர் ஆகும்வரை கேட்டார்கள், எழுதவில்லை. அந்தப் புளியமரமே மூன்று நாள் ரோட்டை மறித்துக் கிடந்ததே, அதற்கு மேல் நான் என்ன எழுத?