கூடிப்போன சக்தி

என் மனைவி செல்வத்தின் விரல்கள் வீங்கியபோது எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் ஒருவர்கூட வைத்தியம் படித்ததில்லை என்பதுதான் சின்னக் குறை!

காலையில் எழுந்தால் விரல் மடங்காது. மடங்காத விரலால் கொழுந்து எடுப்பது எப்படி? வேலையே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம்.

சுவரை ஒட்டிய பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பாக்கியம் அக்கா நாடிகூடப் பார்க்கவில்லை.

"எதிர்ப்புச் சக்தி கொறஞ்சு போச்சு தம்பி. இஞ்சி, மிளகு, கொத்தமல்லி போட்டு மூணு வேளையும் குடுங்க!"

அக்கா தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் இதைச் சொல்ல, ஆளுக்கொரு சட்டிக் கசாயத்தோடு வாசலில் கூட்டம். நானும் சும்மா இருப்பேனா? மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றி, "தாயே, இவளுக்குச் சக்தியக் கூட்டு" என்று வேண்டினேன்.

வீக்கம் மணிக்கட்டுக்கு ஏறியது. ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினோம்.

இரத்தம் சோதித்த டாக்டரம்மா சொன்னார்: "சக்தி குறையலைங்க... கூடிப்போச்சு."

"என்னம்மா சொல்றீங்க?"

"உடம்பைக் காக்கிற செல்லுங்க, எதிரியைப் பார்த்தா ஒரு புரதத்தை வெளிய விடும். அது இரத்தத்துல கலந்து போய் மத்த செல்லுங்களைச் சண்டைக்கு எழுப்பும். அதுங்களும் அதையே விடும். இவங்க மூட்டுல கிருமியே இல்ல. ஆனா எழுப்புறது நிக்கல. வந்த படை மூட்டையே அரிக்குது. விட்டா விரல் கோணிப்போகும்."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஒருத்தர் குரல் கொடுத்தால் ஊரே சட்டியோடு கிளம்பும் எங்கள் லயத்தில் குடியிருப்பவனுக்கு இதற்கெல்லாம் பாடப்புத்தகமா வேண்டும்? அம்மன் நான் கேட்டதைக் கொடுக்காமல் விட்டாளே — அது எவ்வளவு பெரிய கருணை!

அந்தக் கூப்பாட்டை அடக்க மாத்திரை தந்தார்கள். லயத்தில் கலவரம்.

"சக்தியக் கொறைக்க ஒரு மருந்தா? வாயில போடாதடி செல்வம்!" என்றார் அக்கா.

செல்வம் மாத்திரையையும் வீங்கிய கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஒங்க கசாயத்துக்கு மணிக்கட்டு வரைக்கும் ஏறிருச்சு. இதையும் போடாம விட்டா எங்க ஏறும் அக்கா, தலைக்கா?"

விழுங்கிவிட்டாள்.

மாதக்கணக்கில் ஆனாலும் வீக்கம் மெல்ல வடிந்தது. போன வாரம் மறுபடி மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனாள்.

"விரல் நல்லா மடங்குதா?" என்று நேற்றுக் கேட்டேன். இறுக்கமாக மடக்கி, குத்து விடுவதுபோல் என் மூக்குக்கு நேராகக் காட்டினாள்...

அதனால் என்ன? அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.